வானத்தில் ஒரு புள்ளி

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தக் கேமரா ரிப்பேர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படுகிறவர்களுக்கு வழி தெரியும். நாலு பேர் நெருக்கி உட்கார ஒரு பெஞ்சு, ரப்பர் விரிப்பு போட்ட ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய தடுப்பு அறை. தலைக்கு மேலே மின்விசிறி உண்டு, ஆனால் சென்சார் வேலை இருக்கிற நாளில் அதைப் போடுவதில்லை. காலையில் கடை திறந்ததும் விளக்குமாற்றையும் எடுப்பதில்லை. ஈரத்துணியால் தரையைத் துடைப்பதோடு சரி. பெருக்கினால் கீழே கிடப்பது மேலே ஏறும்.

பொங்கல் கழிந்த வாரம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை மாதத்தின் முதல் மூன்று நாளும் ஜல்லிக்கட்டு நடந்து முடிந்திருக்கிறது. மாடோ மாடுபிடி வீரரோ விழுந்தால் அடி படக்கூடாது என்று வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நாரைப் பரப்பி வைப்பார்கள். காளைகள் மிதிக்க மிதிக்க நார் பொடியாகி எழும்பும். வெயில் ஏறிய பிறகு காற்றே பழுப்பாகத் தெரியும். அதற்குள் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டியவர்கள் எல்லாம் வாரம் முழுக்க இந்தப் பெஞ்சுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். என்னுடைய பழைய லென்ஸ் ஒன்று உள்ளே இருக்கிறது. அது வெளியே வரும்வரை எனக்கு இங்கே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 55 வயது இருக்கலாம். அரைக்கைச் சட்டை, வெறும் மணிக்கட்டு. கடிகாரம்கூட மேசை டிராயரில்தான் கிடக்கிறது. வலது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மெல்லிய ரப்பர் உறை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையில் மாட்டிய பூதக்கண்ணாடியை இறக்கிக்கொள்கிறார். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மட்டும் விடுவதில்லை.

"பாய், வானத்துல புள்ளி விழுகுது."

வந்தவர் பத்திரிகைப் போட்டோகிராபர். தோளில் நிக்கான் டி750. பையின் ஜிப் பற்களில் இன்னும் நார்த்தூள் ஒட்டியிருக்கிறது.

"லென்ஸ மாத்திப் பாத்தியா?"

"மூணு லென்ஸ்லயும் அதே இடத்துலதான் பாய்."

"அப்பச் சென்சார்தான். குடு."

கொடுப்பதற்கு முன் பின்திரையில் படங்களைத் தள்ளிக் காட்டுகிறார். நாலு காலும் தரையில் படாத ஒரு காரிக்காளை, அதன் திமிலைத் தழுவித் தொங்குகிற இளைஞன், பின்னால் வெளிறிய வானம். வானத்தில் மூன்று சாம்பல் புள்ளிகள். அடுத்த படத்தில் காளை வேறு, ஆள் வேறு, கேலரிக் கூட்டம் வேறு. புள்ளிகள் மட்டும் அதே மூன்று, அதே இடத்தில். அதற்கு அடுத்த படத்திலும் அப்படியே.

"இந்த மூணு புள்ளியப் பாத்தே என் படம்னு டெஸ்க்ல கண்டுபிடிச்சிர்றாங்க பாய்" என்கிறார். அவர் சிரிப்போடுதான் சொல்கிறார். ஆனால் அதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டிரிக், செஞ்சார், மேமன் என்கிற மூவர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, சென்சார் தூசி விழுந்திருக்கும் இடங்களை ஒப்பிட்டே ஒரு படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று அடையாளம் காணும் முறையைச் சொல்கிறது. லென்ஸை மாற்றினாலும், ஆளே மாறினாலும், தூசி இடம் மாறாதவரை அது சாட்சி சொல்லும்.

பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கிற பெரியவர் எட்டிப் பார்க்கிறார். ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர். பொழுது போகாதபோது இங்கே வந்து உட்கார்கிறவர் என்பது பாய் அவருக்குக் கேட்காமலே டீ சொல்வதிலிருந்து தெரிகிறது. "பிலிம்ல இந்தக் கழுதை ஒரு பிரேமோட போயிரும்ப்பா. அந்த ஒரு இடத்த டச் பண்ணிட்டா முடிஞ்சு போச்சு" என்கிறார். சொல்லும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு பென்சிலைப் பிடித்துக்கொள்கின்றன. அடியில் விளக்கெரிகிற சாய்மேசை, ஊசியாகச் சீவிய பென்சில், பிரிண்ட்டில் விழுந்த வெள்ளைப் புள்ளியை மூட நாலைந்து முடி மட்டும் உள்ள பிரஷ், நீர்த்த மை. நகத்தில் வைத்துப் பதம் பார்த்த பிறகே பிரஷ் படத்தைத் தொடும்.

பிலிமில் ஒவ்வொரு முறையும் புதிய பரப்பு வந்து வெளிச்சத்துக்கு முகம் காட்டியது. ஒரு துகள் ஒரு படத்தைக் கெடுத்துவிட்டு பிலிமோடு சுருண்டு போய்விடும். டிஜிட்டலில் போகிற வாசல் ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்தில் எடுக்கிற 3,000 படமும் அதே கண்ணாடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். முதல்நாள் மாலை அழைப்பில் ஒட்டிய துகள் மறுநாள் பந்தி வரைக்கும் கூட வரும். வெறும் வானத்தில் விழுந்த புள்ளியைக் கணினியின் ஹீலிங் பிரஷ் ஒரே அமுக்கில் எடுத்துவிடும். அதே புள்ளி சேலையின் சரிகையிலோ தாலிக்கயிற்றுக்குப் பக்கத்திலோ விழுந்தால் ஆல்பம் டிசைனர் அந்தப் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். செய்திப் படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது என்று கறாராக இருக்கிற அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம்கூட, சென்சார் தூசியை அழிப்பதற்கு மட்டும் தன் விதிகளில் இடம் கொடுத்திருக்கிறது. நடந்த நிகழ்ச்சியில் அந்தப் புள்ளி இல்லை. அது கேமராவுக்குச் சொந்தமானது.

பாய் உடனே கேமராவைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. ஒரு 50 எம்எம் லென்ஸை மாட்டுகிறார். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 22க்குக் குறுகி, ஃபோகஸ் வேண்டுமென்றே கலைந்த நிலையில். மடிக்கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் கேமராவைப் பிடித்து, ஷட்டர் திறந்திருக்கும்போதே கையை மெல்ல வட்டமாக ஆட்டுகிறார். படம் எடுப்பவர்கள் யாரும் செய்யத் துணியாத காரியம். திரையில் இருக்கிற அழுக்கோ கோடோ அசைவில் கரைந்து போகும். சென்சாரோடு ஒட்டியிருப்பது மட்டும் சென்சாரோடு சேர்ந்து ஆடுவதால் நின்ற இடத்திலேயே தெரியும்.

படத்தைக் கணினிக்கு மாற்றி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறார். சாம்பல் பரப்பு முழுக்கப் புள்ளிகள் எழும்புகின்றன. போட்டோகிராபர் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன பாய் இது! படத்துல மூணுதானே தெரிஞ்சுச்சு?"

"நீ எதுல எடுத்த?"

"மாடு பாயிறதெல்லாம் நாலு, அஞ்சுல. இது கூட்டமும் தெரியட்டும்னு பதினொண்ணுல."

"அதான். துவாரம் சின்னதாச்சுன்னா எல்லாம் வெளிய வரும்."

அதற்கு மேல் பாய் விளக்கவில்லை. விளக்க வேண்டிய விஷயம் இது. தூசி உட்கார்ந்திருப்பது சென்சாரின் மேலேயே அல்ல, சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி அடுக்கின் மேலே. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க ஒரு தகடு, மெல்லிய கோடுகள் மோதி அலைபாய்வதைத் தடுக்க ஒரு தகடு என்று அங்கே சில தகடுகள் ஒட்டியிருக்கும். ஆகவே தூசிக்கும் ஒளியுணரும் பரப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நிழல் பிறக்கிறது. மேகம் மூடிய நாளில் கையை நீட்டினால் தரையில் நிழல் விழுந்ததா என்றே தெரியாது, உச்சி வெயிலில் ஐந்து விரலும் தனித்தனியாக விழும் அல்லவா, அதே கதைதான். லென்ஸின் துவாரம் அகலமாக இருந்தால் பல திசையிலிருந்தும் வெளிச்சம் வந்து தூசியின் அடியில் புகுந்து நிழலைக் கழுவிவிடும். துவாரம் குறுகினால் வெளிச்சம் ஒரே திக்கில் வரும், நிழல் விளிம்போடு நிற்கும். கணக்குப் போட்டும் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற துகளின் நிழல் எஃப் 2.8இல் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டருக்குப் பரவிக் கலையும். எஃப் 22இல் பரவுவது 0.045 மில்லிமீட்டர்தான்.

துகளின் அளவும் லேசுப்பட்டதில்லை. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 6 பங்கு. கண்ணுக்கு எளிதில் சிக்காத 30 மைக்ரான் தூளுக்குக்கூட அங்கே ஐந்து பிக்சல் அகலம் உண்டு.

பாய் திரையில் விரலை வைக்காமல், சற்றுத் தள்ளியே சுட்டுகிறார். ஓரம் கரைந்த சாம்பல் புள்ளிகள் தூசி. சுருண்டு கிடக்கிற கோடு நூலிழை. நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் கருவளையமுமாக இருந்தால் எண்ணெய். ஷட்டர் ஓடும்போது அதன் மசகுத் துளி இப்படித் தெறிப்பது உண்டு. 2012இல் வந்த நிக்கான் டி600 மேல் இந்தப் புகார்தான் உலகம் முழுக்க எழுந்தது. மறு ஆண்டே டி610 வந்துவிட்டது. வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவோம் என்று 2014இல் நிறுவனம் அறிவித்தது.

"ஒனக்கு எண்ணெய் இல்ல. பூராம் நாருதான்" என்கிறார் பாய். போட்டோகிராபர் முகத்தில் கொஞ்சம் தெளிவு.

வேலை தொடங்குகிறது. முதலில் பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஆனதை மட்டுமே போடுகிறார். மெனுவில் மிரரை உயர்த்தி நிறுத்தும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற மிரர் மேலே போகும், ஷட்டர் திறக்கும், சென்சார் வெளித்தெரியும். நடுவில் சார்ஜ் இறங்கினால் கேமரா ஒலியெழுப்பி எச்சரித்துவிட்டு, ஷட்டரை மூடி மிரரையும் இறக்கிவிடும். துடைக்கிற குச்சி உள்ளே இருக்கும்போது அது நடந்தால் ஷட்டர் இதழ்கள் போய்விடும். பல்பு மோடில் விரலால் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே சுத்தம் செய்யப் பார்க்கிறவர்கள் உண்டு. விரல் நழுவினால் அங்கேயும் அதே விபத்துதான்.

திறந்த வாய் தரையைப் பார்க்கும்படி கேமராவை இடது கையில் தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து ரப்பர் ப்ளோயரால் ஊதுகிறார். ஊதுகிற மூக்கு லென்ஸ் மாட்டும் வளையத்தைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. ஒவ்வோர் அமுக்கலுக்கும் பிறகு ப்ளோயரைத் தள்ளி எடுத்துக் காற்றை நிரப்பிக்கொள்கிறார், உதிர்ந்ததை அதுவே திரும்ப உறிஞ்சிவிடக் கூடாது என்று. ஊதி முடித்ததும் உடனே மூடாமல் சிறிது நேரம் கவிழ்த்தே வைத்திருக்கிறார். வாயால் ஊதினால் எச்சில் போகும். அழுத்தக் காற்று டப்பாவில் அடித்தால் அதற்குள் இருக்கிற திரவம் தெறித்துக் கறை படியும். இரண்டையும் செய்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் மேசைக்கு மேலே கையால் எழுதி ஒட்டியிருக்கிற தாள் சொல்கிறது: "வாயால் ஊத வேண்டாம். கேன் வேண்டாம்."

முதலில் ஊதுவதுதான், எப்போதும். அதை விட்டுவிட்டு நேரே துடைப்பில் இறங்குவது பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். நார்த்தூள் மெத்தென்றது, பரவாயில்லை. ஆனால் அதோடு மணலும் வந்திருக்கும். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறுகிற கடினம் உள்ளது. அதை ஊதி விரட்டாமல் மேலே துணியை இழுத்தால், தூசிக்குப் பதில் நிரந்தரமாக ஒரு கோடு கிடைக்கும்.

மறுபடி எஃப் 22, மறுபடி வெள்ளைத் திரை. புள்ளிக் கூட்டம் முக்கால்வாசி கலைந்துவிட்டது. மீதி நிற்பது விடிகாலைப் பனியோடு போய் ஒட்டிக் காய்ந்தது.

இனி ஸ்வாப். தட்டையான பிளாஸ்டிக் துடுப்பு, நுனியில் நூல் உதிராத துணி. துணியின் அகலம் 24 மில்லிமீட்டர், சென்சாரின் உயரமும் அதுவே. ஒரே இழுப்பில் முழுப் பரப்பும் அடங்க வேண்டும் என்பதற்காக. சின்னக் குப்பியிலிருந்து மெத்தனால் விளிம்பில் இரண்டு சொட்டு. சொட்டியதும் பாய் காத்திருக்கிறார், துணி குடித்துப் பரவட்டும் என்று. அதிகமானால் ஓரத்தில் கோடு கட்டும், குறைந்தால் வறட்டுத் துணி உரசும். பிறகு மூச்சை அடக்கிக்கொள்கிறார். அவர் தோள் நின்றுவிட்டதிலிருந்து அது தெரிகிறது. துடுப்பு சென்சாரின் இடது ஓரத்தில் சாய்வாக இறங்கி, ஒரே சீராக வலது ஓரம் வரை போகிறது. அங்கே தூக்காமல் சாய்வை மட்டும் மாற்றி, துணியின் மறுபக்கத்தால் திரும்பி வருகிறது. ஈரத்தின் பளபளப்பு ஓர் இமைப்பு நேரம் நின்று, பின்னாலேயே ஆவியாகிப் போகிறது. முடிந்தது. ஸ்வாப் குப்பைக் கூடைக்குப் போகிறது. அதே துணி இன்னொரு முறை உள்ளே போகாது.

மூன்றாவது சோதனைப் படம். பரப்பு சுத்தமாக இருக்கிறது, மேல் இடது மூலையில் ஒன்றைத் தவிர.

லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் சென்சாரில் போடும். ஆகவே படத்தில் மேல் இடது மூலையில் தெரிகிற புள்ளி, கேமராவை நேராக வைத்து முன்னாலிருந்து பார்க்கிறவருக்குக் கீழ் இடது மூலையில் கிடக்கும். மேல் கீழாகும், இடது இடதாகவே இருக்கும். இது புரியாமல் சுத்தமான மூலையையே திரும்பத் திரும்பத் துடைக்கிறவர்கள் அதிகம். பாய் கீழ் மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு தலையைத் தூக்குகிறார்.

"அது கிடக்கட்டும்."

"எடுத்துருங்களேன் பாய்."

"இருபத்திரெண்டுலதான் தெரியும். நீ பதினொண்ணத் தாண்டி எப்ப எடுத்த?"

போட்டோகிராபர் யோசிக்கிறார். பதில் இல்லை. பாய் அவருடைய லென்ஸையே மாட்டி, எஃப் 11இல் ஒரு படம் எடுத்துக் காட்டுகிறார். மூலையில் ஒன்றுமில்லை. இந்த இடம்தான் இன்றைக்கு நான் பார்த்ததில் பெரியது. எடுத்திருக்க முடியும், அந்தக் கைக்கு அது ஒன்றும் பாடில்லை. ஆனால் ஒவ்வொரு துடைப்பும் தகட்டின் பூச்சு மேல் ஓர் உரசல். ஒரு புள்ளிக்காக இன்னோர் உரசல் வேண்டாம் என்று அவர் நிறுத்திக்கொண்டார். வேலை தெரிந்தவர்களில்கூட இப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. பெரியவர் தலையை ஆட்டுகிறார். டச்சிங் மேசையில் எத்தனையோ முகங்களில் அவரும் இப்படி நிறுத்தியிருப்பார்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண். கையில் கேனான் 200டி, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. சாமநத்தம் கண்மாயில் பறவைப் படம் எடுக்கிறவள். தகைவிலான் கூட்டம் பறக்கிற படத்தில் எது குருவி எது புள்ளி என்று பிரிக்க முடியவில்லை என்று, வீட்டிலிருந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பட்ஸில் தொட்டு அவளே துடைத்திருக்கிறாள்.

"கீறிட்டேன் அங்கிள். கோடு கோடா இருக்கு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது."

பாய் அவளைத் திட்டவில்லை. ஏன் செய்தாய் என்றும் கேட்கவில்லை. வட்டமாக விளக்குகள் பதித்த பூதக்கண்ணாடிக் குழாயைக் கேமரா வாயில் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கடையில் சத்தமே இல்லை. அவர் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"கீறல் இல்லம்மா. கறை."

"நெசமாவா?"

"நீயே பாரு."

அவள் குனிந்து பார்க்கிறாள். ஸ்பிரிட்டோடு கலந்த மற்றவை காய்ந்து படிந்த தடம் வளையம் வளையமாக இருக்கிறது, நடுவில் பஞ்சு நூல்கள். பட்ஸில் பஞ்சை ஒட்டுகிற பசையும் ஸ்பிரிட்டில் இளகியிருக்கும். கீறலாக இருந்தால் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். இது வெளிச்சத்தைச் சாய்த்தால் மங்கி எழுகிறது. அதையும் பாய் அவளுக்கு ஒரு முறை விளக்கைத் தள்ளிப் பிடித்துக் காட்டுகிறார்.

இந்தக் கேமராவின் சென்சார் சிறியது, உயரம் 15 மில்லிமீட்டருக்குள். அதற்கு 16 மில்லிமீட்டர் ஸ்வாப். ஊதல், சோதனை, துடைப்பு, சோதனை, அதே வரிசை. ஒரு ஸ்வாப்பில் பசை போகவில்லை. புதிதாக இன்னொன்று பிரிக்கிறார். அதற்கும் மசியாத ஒரு திட்டு இருக்கிறது. இங்கே அவர் நிறுத்தவில்லை. மூன்றாவதைப் பிரித்து, இந்த முறை இன்னும் மெதுவாக இழுக்கிறார். நடுப்பகுதியில் இருக்கிற கறை எஃப் 8இலேயே தெரியும், அதை விட்டுவைக்க முடியாது. விடுவதா எடுப்பதா என்பதை அவர் ஒவ்வொரு கேமராவுக்கும் புதிதாகத்தான் முடிவு செய்கிறார்.

சோதனைப் படம் வெள்ளையாக வருகிறது. அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆன் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் அதுவே ஒதறிக்கிரும்மா. ஒதறி விழாததுக்கு ஊது. ஊதியும் போகலன்னா இங்க வா. அதுக்கு மேல நீ தொடாத."

உதறுவது என்று அவர் சொன்னது சென்சாருக்கு முன்னால் இருக்கிற தகட்டின் அதிர்வை. ஒலிம்பஸ் 2003இல் ஈ-1 கேமராவில் முதலில் கொண்டுவந்தது. விநாடிக்கு 30,000 தடவைக்கு மேல் அதிர்ந்து, உதிர்கிறதைக் கீழே இருக்கிற பசைப் பட்டையில் விழச்செய்யும். 2006இல் கேனான் 400டி, 2007இல் நிக்கான் டி300 என்று மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். காய்ந்த தூசியை அது விரட்டும். ஈரத்தோடும் எண்ணெயோடும் ஒட்டியதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் கிளம்பும்போதே அவசரமாக இரண்டு பேர் நுழைகிறார்கள். கல்யாணப் போட்டோகிராபரும் அவருடைய உதவிப் பையனும். மார்கழி முழுக்கச் சும்மா இருந்தவர்களுக்குத் தை பிறந்ததும் முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது. நாளைக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒன்று.

"பாய், வெரசாப் பாத்துக் குடுங்க. ரிசப்ஷன் பூராம் பெரிய பெரிய புள்ளி."

சோனி ஏ7 மார்க் 3. மிரர்லெஸ் கேமரா. பழைய கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் மிரரும் மூடிய ஷட்டரும் காவலுக்கு நிற்கும். இதில் லென்ஸைக் கழற்றியதும் வளையத்துக்குள் சென்சார் நேராக முகம் காட்டுகிறது. ஆஃப் செய்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும் ஏற்பாட்டை 2018இல் கேனான் ஈஓஎஸ் ஆர் கொண்டுவந்தது. இதில் அது இல்லை. ரிசப்ஷன் மேடையில் புகை இயந்திரம், மாலை மாற்றும்போது வெடித்துச் சிதறுகிற வண்ணக் காகிதம், மறுநாள் ஹோமப் புகை, எறிகிற அட்சதையின் மஞ்சள். இவ்வளவுக்கும் நடுவே லென்ஸ் மாறிக்கொண்டே இருக்கும்.

பாயின் கை இங்கே இன்னும் லேசாகிறது. இந்தக் கேமராவில் சென்சார் ஓரிடத்தில் அறையப்பட்டதல்ல. கை நடுக்கத்தைச் சமன்செய்வதற்காக அசையும்படி அமைந்திருக்கிறது. கொஞ்சம் அழுத்தினாலும் நகரும். வெகு நேரம் ஊதலிலேயே நிற்கிறார். கல்யாணப் போட்டோகிராபர் செல்போனில் நேரம் பார்க்கிறார், வாசலுக்குப் போகிறார், திரும்ப வருகிறார். ஊதலிலேயே வேலை முடிந்துவிட்டது. ஸ்வாப் தேவைப்படவில்லை.

"அவ்வளவுதானா? தொடைக்கலையா பாய்?"

"போயிருச்சு. எதுக்குத் தொடைக்கணும்?"

"இனிமே வராதுல்ல?"

"நாளைக்கே வரும். லென்ஸ மாத்துறது யாரு?"

"இவன்தான்."

"அப்ப இவன் கையில குடு."

பையனுக்கு 18 வயதுக்கு மேல் இருக்காது. முன்னால் வருகிறான். பாய் ஒரு லென்ஸைக் காட்டி மாற்றச் சொல்கிறார். பையன் மாட்டியிருந்த லென்ஸை, கேமரா ஆனில் இருக்கும்போதே, வாய் மேலே பார்க்கக் கழற்றுகிறான். பாய் மறித்துக் கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கவைக்கிறார், ஸ்விட்சை அணைக்கச் சொல்கிறார். மாட்டப்போகிற லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பையன் மறுபடி செய்கிறான். இந்த முறை கேமரா திறந்திருந்த நேரம் மிகக் குறைவு. மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

"அதத்தான் நீ தெனம் செய்யிறியா?"

"ஆமா பாய். கையில வேற எடம் இல்ல."

பாய் அந்தச் சட்டைப்பையை வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டுகிறார். தையல் ஓரத்தில் திரண்ட நூல் தூசு, பஸ் டிக்கெட்டின் கிழிசல், ஏதோ பொடி. அது மூடிக்குள் போகும். மூடியிலிருந்து லென்ஸின் பின்பக்கத்துக்கு. அங்கிருந்து நேரே உள்ளே. பையன் முதலாளியைப் பார்க்கிறான். முதலாளி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

டிராயரிலிருந்து பாய் கேமராவின் வாய் மூடி ஒன்றை எடுத்து, பையனிடமிருந்த லென்ஸ் மூடியோடு முகத்துக்கு முகம் வைத்துத் திருகுகிறார். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. உள்பக்கம் இரண்டும் உள்ளேயே அடைந்துவிட்டன. இனி எந்தப் பையில் போட்டாலும் தூசு வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். பிரித்துப் பையனிடம் கொடுக்கிறார். அவன் திருகிப் பார்க்கிறான். சரியாக உட்காரவில்லை. புள்ளிக்குப் புள்ளி நேர் பார்த்து மறுபடி திருகுகிறான், இந்த முறை கவ்வுகிறது.

"மூடி எவ்வளவு பாய்?" என்கிறார் முதலாளி பர்ஸைத் திறந்துகொண்டு. "ரெண்டாக் குடுங்க. இன்னொரு பாடியும் இருக்கு, அதுக்கும் இவன்தான் மாத்துறான்."